ஹால் அண்ட் ஓட்ஸ்: ஒரே ஒரு ஆல்பம் என்றால் எது?

புதிதாக டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ராக்கும் சோலும் கலந்த மாதிரி ஹால் அண்ட் ஓட்ஸ் எல்பி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்க?" ஹால் அண்ட் ஓட்ஸ் என்பது ஒரு அமெரிக்கப் பாடகர் ஜோடி. ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். நான் ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் "சரி, இதையெல்லாம் எழுதி அனுப்புங்க" என்றார். அது நிஜமாகக் கேட்டதா, பேச்சை நிறுத்தச் சொன்னதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

முதலில் சுலபமான விடை ஒன்று இருக்கிறது, அதை ஓரமாக வைத்துவிடலாம். 1983-ல் வந்த ‘ராக் அண்ட் சோல் பார்ட் 1’ என்ற தொகுப்பைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அதுவரை வந்த பெரிய ஹிட்டுகள் ஒரே இசைத்தட்டில், கூடவே இரண்டு புதுப் பாட்டுகள், அதில் ‘சே இட் இஸன்ட் சோ’ அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 2-ம் இடம் வரை போனது. காசுக்கு நஷ்டம் கிடையாது. ஆனால் பந்தியில் இலையில் வைத்த இனிப்பை மட்டும் எல்லாரிடமிருந்தும் வாங்கிச் சாப்பிட்ட மாதிரி, நாலாவது பாட்டிலேயே திகட்ட ஆரம்பிக்கும். 1973-ல் பாடியதும் 1982-ல் பாடியதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த இரண்டு பேரும் எங்கிருந்து கிளம்பி எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது காதில் விழாது. தொகுப்பை ஸ்ட்ரீமிங்கில் கேட்டுக்கொள்ளலாம். தட்டு என்று வாங்கினால் முழு ஆல்பம் வாங்குவதுதான் என் கட்சி.

இவர்கள் யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டாரில் ஹால் பென்சில்வேனியாவில் பாட்ஸ்டவுன் ஊர்க்காரர். ஜான் ஓட்ஸ் நியூயார்க்கில் பிறந்து, பிலடெல்பியாவுக்கு வெளியே நார்த் வேல்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். இரண்டு பேரும் டெம்பிள் பல்கலைக்கழக மாணவர்கள், ஆனால் சந்தித்தது வகுப்பில் அல்ல. 1967-ல் பிலடெல்பியாவின் அடெல்பி பால்ரூமில் தனித்தனிக் குழுக்களோடு பாட வந்த இடத்தில் கும்பல் சண்டை மூண்டு, தப்பித்து ஓடி ஏறிய சாமான் லிஃப்டில்தான் முதல் பேச்சே. ஹாலின் குழுவுக்குப் பெயர் டெம்ப்டோன்ஸ். டெம்ப்டேஷன்ஸ் என்ற கறுப்பின சோல் குழு மேல் அவருக்கு எவ்வளவு பைத்தியம் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

‘புளூ-ஐட் சோல்’, அதாவது நீலக்கண் சோல் என்ற சொல்லும் அதே ஊர்ச் சரக்குதான். தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த கறுப்பினத்தவரின் சோல் இசையை வெள்ளைக்காரர்கள் பாடினால் அதற்கு வைத்த பெயர் அது. பிலடெல்பியாவில் கறுப்பின ரசிகர்களுக்கான வானொலியில் புகழ்பெற்றிருந்த ஜார்ஜி வுட்ஸ், 1964 வாக்கில் ரைச்சஸ் பிரதர்ஸ் என்ற வெள்ளைக்கார ஜோடியைப் பற்றி அப்படிச் சொல்லப்போய் நிலைத்துவிட்டது என்பார்கள். ஹாலுக்கு அந்தச் சொல் பிடிக்காது. நான் பாடுவது சோல், என் கண் நிறத்துக்கு அங்கே என்ன வேலை என்பது அவருடைய வாதம். நியாயம்தான், ஆனால் கடைக்காரரிடம் கேட்பதற்கு அந்தச் சொல்தான் உதவும்.

சரி, களத்தில் நிஜமாக நிற்பவை நாலு: 1973-ன் ‘அபாண்டன்ட் லஞ்சனெட்’, 1980-ன் ‘வாய்ஸஸ்’, 1981-ன் ‘பிரைவேட் ஐஸ்’, 1982-ன் ‘எச்2ஓ’. மற்றதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது தட்டு வாங்கும்போது யோசிக்க வேண்டியவை.

‘அபாண்டன்ட் லஞ்சனெட்’டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் விமர்சகர்கள் சொல்வதும், இசைக்காரர்கள் சொல்வதும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் என்னைக் கேட்டால் நான் சொல்வதும் அதைத்தான். அட்லாண்டிக் நிறுவனத்தில் இவர்களுக்கு இரண்டாவது ஆல்பம். தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின், இஸ்தான்புல்லில் பிறந்து அமெரிக்கா வந்து சோல் பாடகி அரேத்தா பிராங்க்ளின் பாட்டுகளில் பங்கெடுத்தவர். அந்தக் கை இதில் எல்லா இடத்திலும் தெரிகிறது. எந்த வாத்தியமும் இன்னொன்றின் காலை மிதிக்காது. டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி இருக்கிறார் என்பதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. முதல் பாட்டு ‘வென் த மார்னிங் கம்ஸ்’ மாண்டலின் ஓசையோடு கிட்டத்தட்ட நாட்டுப்புறப் பாட்டு மாதிரிதான் ஆரம்பிக்கும், பாடுகிற குரல் மட்டும் தேவாலயத்திலிருந்து வரும். அந்தச் சேர்க்கைதான் இந்த ஆல்பம்.

அப்புறம் ‘ஷீ இஸ் கான்’. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டு இரவன்று வருவதாகச் சொன்ன பெண் வராமல் போனதால் ஓட்ஸ் கிட்டாரோடு உட்கார்ந்து பல்லவி போட்டார். ஹாலுக்கு அதே சமயத்தில் கல்யாணமே முறிந்துகொண்டிருந்தது, அவர் வந்து மிச்சத்தை எழுதினார். ஒருவருக்கு ஒரு சாயங்கால ஏமாற்றம், இன்னொருவருக்கு வாழ்க்கை உடைந்த வலி, இரண்டும் ஒரே பாட்டில். சரணத்தில் இரண்டு பேரும் ஒரே மெட்டை ஒருவர் கீழ் ஸ்தாயியிலும் ஒருவர் மேல் ஸ்தாயியிலுமாகச் சேர்ந்து பாடுவார்கள், கேட்கும்போது ஒரே ஆள் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்வது போல இருக்கும். முடிவை நெருங்கும்போது சுருதி படிப்படியாக மேலே ஏறும், ஒவ்வொரு படியிலும் ஹாலின் குரல் இன்னும் கொஞ்சம் கட்டுப்பாட்டை விடும். 1974-ல் இந்தப் பாட்டு 60-வது இடத்தோடு நின்றுவிட்டது என்பதை இன்றைக்கு நம்பவே முடியவில்லை. அதே வருடம் டவாரஸ் குழு இதைப் பாடி, கறுப்பின இசைக்கான ஆர்அண்ட்பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாட்டில் குறையில்லை, இந்த இரண்டு பேரின் பெயர்தான் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று அதிலேயே விளங்கிவிட்டது. இவர்களுடைய ‘சாரா ஸ்மைல்’ பாட்டு ஹிட்டான பிறகு 1976-ல் மறுபடி வெளியிட்டார்கள், 7-ம் இடம் போனது.

அட்டைப்படத்துக்காகவும் எல்பியாக வாங்கலாம். பாட்ஸ்டவுன் பக்கத்தில் கென்னல்வொர்த்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ரோஸ்டேல் டைனர் என்ற பழைய சாப்பாட்டுக் கடை அது, புல்லும் புதரும் மண்டிக் கிடக்கும். ஆல்பம் பிரபலமான பிறகு ரசிகர்கள் வந்து ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், இப்போது அந்த இடத்தில் கடையே இல்லை. பன்னிரண்டு அங்குல அட்டையில்தான் அந்தத் துரு நிறம் சரியாகத் தெரியும், போன் திரையில் அது வெறும் பழுப்புச் சதுரம்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையே வாங்கச் சொல்ல வேண்டியதுதானே? இடிக்கிறது. நண்பர் கேட்டது ராக்கும் சோலும் கலந்த தட்டு. இதில் ராக் ரொம்பக் குறைவு. கடைசிப் பாட்டு ‘எவ்ரிடைம் ஐ லுக் அட் யூ’ ஃபங்க்கில் ஆரம்பித்து பாஞ்சோவும் வயலினுமாக கிராமத்துக் கூத்தில் போய் முடியும். அது தவிர மற்றதெல்லாம் சாயங்கால வெளிச்சம்தான். ஹால் அண்ட் ஓட்ஸ் என்ற பெயருக்கு ஊரே ஏன் ஆடியது என்று இதை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் புரியவைக்க முடியாது. இன்னொன்று, இதைக் கேட்க அமைதி வேண்டும். வீட்டில் நாலு பேர் நடமாடுகிற நேரத்தில் போட்டால் கரைந்துபோகும்.

இடையில் ஒரு சின்ன விலகல். 1974 ஆகஸ்டில் ராக் பாடகர் டேவிட் போவி பிலடெல்பியாவுக்கே வந்து சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் ‘யங் அமெரிக்கன்ஸ்’ பதிவு செய்துகொண்டிருந்தார், பின்னணிக் குரலில், பிற்பாடு பெரிய சோல் பாடகரான, அப்போது யாருக்கும் தெரியாத லூதர் வாண்ட்ராஸ். இங்கிலாந்துக்காரர் சோல் தேடி இந்த ஊருக்கு வருகிறார், ஊரிலேயே வளர்ந்த இரண்டு பேரோ நியூயார்க் போய் டாட் ரண்ட்கிரனைத் தயாரிப்பாளராக வைத்து ‘வார் பேபீஸ்’ என்ற முரட்டு ராக் ஆல்பம் எடுக்கிறார்கள். யாரும் எதிர்பார்க்காத தட்டு அது, வாங்கியவர்களும் அதிகமில்லை. ‘யங் அமெரிக்கன்ஸ்’ நல்ல ஆல்பம், ஆனால் போவி அதைத் தானே பிளாஸ்டிக் சோல், அதாவது போலி சோல், என்றுதான் அழைத்தார். விருந்தாளி செய்த சமையல், ருசிதான், வீட்டுச் சமையல் இல்லை.

இனி எண்பதுகள். இங்கே ஒரு வசதி: ‘வாய்ஸஸ்’, ‘பிரைவேட் ஐஸ்’, ‘எச்2ஓ’ மூன்றும் நியூயார்க்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் பதிவானவை, மூன்றிலும் ஒலிப்பதிவாளர் நீல் கெர்னன் இருக்கிறார். இடம் ஒன்று, ஆள் ஒன்று. அதனால் வித்தியாசம் பாட்டில்தான் இருக்கிறது, ஒலியை வைத்துக் குழம்ப வேண்டாம்.

‘பிரைவேட் ஐஸ்’ஸை முதலில் முடித்துவிடுகிறேன். இதில் இருக்கும் ‘ஐ கான்ட் கோ ஃபார் தட்’ இந்த நாலு ஆல்பத்திலும் மிகப் பெரிய பாட்டு என்று யாராவது சொன்னால் நான் எதிர்க்கமாட்டேன். ஒரு பதிவு முடிந்த களைப்பில் ஹால் ரோலண்ட் சிஆர்-78 டிரம் மெஷினில் ஏற்கெனவே இருந்த ஒரு தாளத்தைத் தட்டிவிட்டு, ஆர்கனில் பேஸ் வரியை வாசிக்க ஆரம்பிக்க, கெர்னன் சட்டென்று டேப்பை ஓடவிட, ஓட்ஸ் கிட்டாரைச் செருகினார். அவ்வளவுதான் பாட்டு. காதல் பாட்டு போலத் தெரியும், ஆனால் ஓட்ஸ் சொல்வதைப் பார்த்தால் அது இசை வியாபாரிகளுக்குச் சொன்ன "முடியாது". 1982 ஜனவரியில் பாப் பட்டியலிலும் முதலிடம், ஆர்அண்ட்பி பட்டியலிலும் முதலிடம். வெள்ளைக்காரப் பாடகர்களுக்கு இந்த இரண்டாவது முதலிடம் சாதாரணமாகக் கிடைக்காது. 1985-ல் ‘வீ ஆர் த வேர்ல்ட்’ பதிவின்போது மைக்கேல் ஜாக்சன் தன்னிடம் வந்து, ‘பில்லி ஜீன்’ பாட்டின் பேஸ் வரியை இதிலிருந்துதான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாக ஹால் சொல்லியிருக்கிறார். 1989-ல் டி லா சோல் என்ற ராப் குழு இதையே வெட்டி ஒட்டிப் புதுப் பாட்டு செய்தது.

தலைப்புப் பாட்டு ‘பிரைவேட் ஐஸ்’ஸும் முதலிடம் பிடித்ததுதான், நடுவில் வரும் அந்தக் கைதட்டல் ஞாபகம் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதை 1981 நவம்பரில் முதலிடத்திலிருந்து இறக்கியது ஒலிவியா நியூட்டன்-ஜானின் ‘ஃபிசிகல்’. பத்து வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டை இறக்கியது ‘ஐ கான்ட் கோ ஃபார் தட்’. ஒரே ஆல்பத்தின் பாட்டு விட்ட இடத்தை இன்னொரு பாட்டு வந்து மீட்டது.

ஆனால் ஆல்பமாக? ‘லுக்கிங் ஃபார் எ குட் சைன்’ டெம்ப்டேஷன்ஸுக்கு வைத்த காணிக்கை, இனிப்பாக இருக்கும். ‘டிட் இட் இன் எ மினிட்’ சரி. மிச்சம் இருப்பதில் பாதி, அந்த வருடத்து நியூ வேவ் மோஸ்தருக்கு அவசர அவசரமாகத் தைத்த சட்டை. இரண்டாம் பக்கம் போட்டால் நான் எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்துவிடுவேன், எதையும் இழந்ததாகத் தோன்றாது. இரண்டு மகத்தான பாட்டுக்கு ஒரு எல்பி வேண்டாம்.

‘எச்2ஓ’ வேறு மாதிரிப் பிரச்சினை. ஹாலின் எச், ஓட்ஸின் ஓ, நடுவில் இரண்டு, தண்ணீர் ஃபார்முலா என்ற பெயர் விளையாட்டு. விற்பனையிலும் பட்டியலிலும் மற்ற மூன்றையும் தாண்டியது, ஆல்பம் பட்டியலில் 3-ம் இடம் வரை. டி-போன் வோல்க் பேஸ், மிக்கி கரி டிரம்ஸ், ஜி.ஈ. ஸ்மித் கிட்டார், சார்லி டிஷாண்ட் சாக்ஸபோன்: வாசிப்பில் ஒரு ஊசி இடுக்கு கிடையாது. ‘மேன்ஈட்டர்’ நாலு வாரம் முதலிடம், இவர்களுக்கு அதுதான் அதிகபட்சம். ஓட்ஸ் அதை முதலில் ரெகே தாளத்தில் கொண்டுவந்தார், ஹால்தான் அறுபதுகளின் சோல் நிறுவனமான மோட்டவுனின் பழைய நடைக்கு மாற்றினார். பெண்ணைப் பற்றிய பாட்டு என்று எல்லாரும் நினைத்தாலும், பணத்தாசை பிடித்த எண்பதுகளின் நியூயார்க்கைப் பற்றியது என்று ஓட்ஸ் பலமுறை சொல்லிவிட்டார். யார் கேட்கிறார்கள்.

‘ஒன் ஆன் ஒன்’ கூடைப்பந்து வார்த்தைகளில் எழுதிய காதல் பாட்டு, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ அதை விளம்பரத்துக்கே எடுத்துக்கொண்டது. ஹால் பாடியதில் இவ்வளவு சத்தமில்லாமல், கிட்டத்தட்ட காதருகே பாடியது மாதிரி, வேறு எதையும் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. ‘ஃபேமிலி மேன்’ இங்கிலாந்து இசைக்காரர் மைக் ஓல்ட்ஃபீல்டின் பாட்டு, இவர்கள் கையில் ஹிட்டானது. அப்புறம் ‘இட்டாலியன் கேர்ள்ஸ்’ என்று ஒன்று, அதைப் பற்றிப் பேசாமலிருப்பது எல்லாருக்கும் நல்லது.

இந்த ஆல்பத்தின் மேல் எனக்கு இருக்கிற குறை அதன் பளபளப்புதான். நானே முதலில் வாங்கியது இதுதான், அதனால் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருக்கலாம். புதிதாகத் துடைத்த கண்ணாடி மேஜை மாதிரி, கையை வைக்கவே யோசனையாக இருக்கும். சோல் பாட்டில் எங்காவது ஒரு இடத்தில் குரல் தடுக்கி விழ வேண்டும், அது இங்கே நடக்காது. வீட்டில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்து, அதை அடுத்தவருக்குப் போட்டுக்காட்டுவதுதான் நோக்கம் என்றால் இதை வாங்கலாம், மறுக்கவில்லை.

கடைசியாக ‘வாய்ஸஸ்’. என் பதில் இதுதான், காரணத்தைச் சொல்கிறேன்.

1977-லிருந்து 79 வரை எடுத்த ஆல்பங்கள் எதிர்பார்த்த அளவு போகவில்லை. வெளியிலிருந்து வந்த தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் இவர்களை ஒவ்வொரு பக்கம் இழுத்தார்கள். இனி நாமே தயாரித்துக்கொள்வோம், மேடையில் நம்மோடு வாசிக்கிற ஆட்களையே ஸ்டுடியோவுக்கும் கூட்டிவருவோம் என்று முடிவு செய்து எடுத்தது இது. அந்த விடுதலை முதல் பாட்டிலேயே கேட்கும். ‘ஹவ் டஸ் இட் ஃபீல் டு பி பேக்’கை ஓட்ஸ் பாடுகிறார், கிட்டார் மணி மாதிரி ஒலிக்கும், சுத்தமான ராக். பக்கம் முடியும் முன் ‘கிஸ் ஆன் மை லிஸ்ட்’. ஹாலின் காதலி சாராவின் தங்கை ஜானா ஆலனோடு சேர்ந்து எழுதியது. எப்படிப் பாட வேண்டும் என்று ஜானாவுக்குக் காட்டுவதற்காக ஹால் பாடிவைத்த மாதிரிப் பதிவு அத்தனை உயிரோடு இருந்ததால், அதன் மேலேயே மற்ற வாத்தியங்களை ஏற்றி வெளியிட்டார்கள். 1981-ல் மூன்று வாரம் முதலிடம். ‘எச்2ஓ’வில் இல்லை என்று நான் புலம்பிய அந்த மெருகேற்றாத தன்மை இங்கே இருக்கிறது, ஏனென்றால் அது தற்செயலாக நிகழ்ந்தது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் ‘யூ ஹேவ் லாஸ்ட் தட் லவிங் ஃபீலிங்’. ரைச்சஸ் பிரதர்ஸ் பாட்டு, ஆமாம், எந்த ஜோடியைப் பார்த்து நீலக்கண் சோல் என்ற பெயர் பிறந்ததோ அதே ஜோடியின் பாட்டு. ஆல்பத்தில் ஒரு பாட்டு குறைகிறதே என்று கடைசி நேரத்தில் சேர்த்தது. மூலத்தின் பிரமாண்டம் இதில் கிடையாது, புத்திசாலித்தனமாக அதற்கு முயற்சி செய்யவும் இல்லை. அது 12-ம் இடம் போனது. அதற்கு அடுத்தது ‘யூ மேக் மை ட்ரீம்ஸ்’, 5-ம் இடம். அந்தத் தத்தித் தத்திப் போகிற கீபோர்டு ஆரம்பித்த மூன்றாவது நொடியில் கால் தானாக ஆடவில்லை என்றால் டர்ன்டேபிள் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அந்தத் துள்ளல் அடங்கியதும் வருகிறது ‘எவ்ரிடைம் யூ கோ அவே’. ஐந்து நிமிடத்துக்கு மேல், அவசரமே இல்லாமல், கோயில் ஆர்கன் மாதிரி ஒன்று பின்னால் ஓட, ஹால் ஒரு வரியை நாலு விதமாகப் பாடிப் பார்ப்பார். ராக் குழுவும் பிலடெல்பியாக் குரலும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது இந்தப் பக்கத்தில்தான். ‘லஞ்சனெட்’டில் குரல் இருக்கிறது, குழு அடக்கி வாசிக்கிறது. ‘எச்2ஓ’வில் குழு இருக்கிறது, குரல் பல் தெரியாமல் சிரிக்கிறது.

குறை இல்லாத தட்டு என்று சொல்லமாட்டேன். முதல் பக்கத்தில் ‘பிக் கிட்ஸ்’, ‘யுனைட்டட் ஸ்டேட்’ இரண்டும் நடுவாந்தரம். ‘ஆப்பிரிக்கா’ ஒரு விளையாட்டுப் பாட்டு, விளையாட்டு எனக்குப் புரியவில்லை. ஆல்பம் பட்டியலில் இது 17-ம் இடத்துக்கு மேல் போகவும் இல்லை, ஆனால் நூறு வாரம் பட்டியலை விட்டு இறங்கவும் இல்லை.

இந்த நாலுக்கு வெளியே: மேக்கப் போட்ட முகங்களோடு அட்டை வந்த 1975 ஆல்பத்தை ‘சாரா ஸ்மைல்’ பாட்டு ஒன்றுக்காக மூன்றாவதாக வாங்கலாம். 1984-ன் ‘பிக் பேம் பூம்’ தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர் கைபட்டு டிரம்ஸ் இடி இடிக்கும், ‘அவுட் ஆஃப் டச்’ முதலிடம்கூடப் போனது, ஆனால் அந்த ஒலிக்கு வயதாகிவிட்டது.

‘வாய்ஸஸ்’ வாங்கியதும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நேராக இரண்டாம் பக்கம். ‘எவ்ரிடைம் யூ கோ அவே’ முடிந்ததும் இங்கிலாந்துப் பாடகர் பால் யங் பாடியதையும் ஒருமுறை தேடிக் கேளுங்கள். 1985-ல் அமெரிக்காவில் முதலிடம் போனது அதுதான், ஹால் பாடியதை சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வெளியிடக்கூட இல்லை. பால் யங் பாடும்போது ஆள் போகிறாள், அழகாக இருக்கிறது. ஹால் பாடும்போது இது எத்தனையாவது முறை போகிறாள் என்ற கணக்கும் சேர்ந்து கேட்கிறது.

இதை எழுதி முடிப்பதற்குள் நண்பர் பழைய ரெக்கார்டுக் கடையில் ‘வாய்ஸஸ்’ஸை வாங்கிவிட்டு போன் செய்தார். "ரெண்டாம் பக்கத்துல ஒரு கீறல் இருக்குங்க, ஊசி குதிக்குது." பதறிப்போய் எந்தப் பாட்டில் என்று கேட்டேன். ‘ஆப்பிரிக்கா’வாம். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.